அண்ணி பந்தியில் போட்டு உடைத்தது

மலேசியாவில், கெடா மாநிலத்துச் செமிலிங்கில் சொந்தக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். பந்தியில் பக்கத்திலிருந்த மாமி, "அந்தத் தேங்காய்ப்பால் சோத்தை, நாசி லெமாக்கை விடு லா, உடம்பு இளைச்சா தன்னால குழந்தை தங்கும்," என்றார். சிரித்து வைத்தேன்.

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணி, என் கணவரின் அக்கா, நிமிர்ந்தார்.

"மாமி, எனக்கும் நீர்க்கட்டிதான். அதுக்கே வருஷக்கணக்கா மாத்திரை தின்னேன். கடைசியில பார்த்தா ரெண்டு கருக்குழாயும் அடைப்பு. கட்டி வேற, குழாய் வேற லா. இவளுக்குக் குழாயை இன்னும் செக் பண்ணவே இல்ல. அதுக்குள்ள சோத்தைக் குறை சொன்னா எப்படி?"

தனக்கு ஏன் குழந்தையில்லை என்று அண்ணி எங்களிடம்கூடச் சொன்னதில்லை. எனக்காக ஊரறியச் சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி பாயசம் கேட்டார்.

அடுத்த மாதம் அவரே என்னை அலோர் ஸ்டார் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். அடைப்பு இல்லை. அழுதேவிட்டேன். ஆனால் என் நினைவில் நிற்பது அதற்கு முன் காத்திருந்த நேரம்தான். அதே மாமி அங்கே தன் மருமகளோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அண்ணி உட்கார இடம் விட்டார்.