லிஃப்டுக்குள் ஒரு பாவ அறிக்கை

லிஃப்டுக்குள் நானும் வாட்ச்மேன் அண்ணனும் மட்டுமே இருந்தோம். லிஃப்டைச் சரிபார்க்கும் மெக்கானிக் அன்று ஆனேக்கல் ஊருக்குப் போயிருந்தார்.

பீன்யா தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனிக் கட்டடம் அது. வாட்ச்மேன் அண்ணன் கழுத்துவரை பட்டன் போட்ட காக்கிச் சட்டைக்காரர். லிஃப்ட் கிளம்பும்போதெல்லாம் "ஸ்தோத்திரம்" என்பார். அன்றும் சொன்னார். இரண்டு மாடிகளுக்கு நடுவில் கரண்ட் போய், லிஃப்ட் இருட்டில் நின்றது.

"பேட்டரி இருக்குல்லண்ணா? தானா கீழ எறங்கிடும்" என்றேன்.

"எறங்காது தம்பி. அந்த பேட்டரிய நான்தான் கழட்டி வித்துட்டேன்."

அவர் மண்டியிட்டு, "ஆண்டவரே, நான் திருடன், என்னை மன்னியும். இந்தப் பையன் சாகக் கூடாது" என்று அழுதார். மேலே கம்பி முனகியது. இயேசுவை அறியாத நானும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு "ஆண்டவரே" என்றேன்.

கரண்ட் வந்து, லிஃப்ட் கீழே இறங்கிக் கதவு திறந்ததும், "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணா" என்றேன்.

"லிஃப்டுக்குள்ள சாவுக்குப் பயந்து சொன்னேன். இப்ப மொதலாளிகிட்ட சொல்லலன்னா அது வெறும் பயம்தான் தம்பி. கூட வர்றியா?"

போனேன். லிஃப்டில் இருந்ததைவிட முதலாளியின் அறை வாசலில்தான் அவர் அதிகம் நடுங்கினார். ஆனாலும் சொன்னார். எப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. வேலை போனது, பேட்டரிக்காக அந்த மாதச் சம்பளம் பதினாலாயிரத்தையும் பிடித்துக்கொண்டார்கள்.