தம்பியின் கழுத்தில் இழுத்த சூடு

கிள்ளான் நெடுஞ்சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். வேலை பார்த்த உணவகத்தை விட்டு வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. மலேசியாவில் உச்சி வெயிலில் நடப்பவனை விபத்தில் தப்பியவனைப் போலப் பார்க்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்க்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, என் சட்டையிலிருந்த ரத்தத்தைக் காட்டி, "ஹொஸ்பிட்டல்?" என்றார். "தம்பி வூட்டுக்கு வந்துட்டான்" என்று தமிழில் சொன்னேன். என் நினைப்பெல்லாம் அங்கேதான் இருந்தது. அவர் தலையாட்டிவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்துப் போய்விட்டார்.

ரத்தம் பாதி என்னுடையது, பாதி சமையல்காரருடையது. ஆட்டுத்தலைகளை கேஸ் தீயில் வாட்டி மயிர் பொசுக்கச் சொன்னார். தோல் கருகும் வாடை மூக்கில் ஏறியதும் தீக்குழாயை வீசி எறிந்தேன். அவர் கரண்டியால் என் மண்டையில் அடித்தார். நான் அவர் முகத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் மோதினேன். முதலாளி வாசலைக் காட்டினார்.

அந்த வாடை எனக்குப் பழகியது. போன விடுமுறையில் ஊருக்குப் போனபோது தம்பி ஏழுமலைக்கு வாய்க்குள் ஆறாத புண்ணும், தாடைக்குக் கீழே எலுமிச்சை அளவு கட்டியும் இருந்தன. கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு வெட்டும் கூலி அவன். புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் வயலில் இறங்குவான். எங்கள் பக்கம் கட்டி என்றால் முதலில் சூடு. கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயம். எட்டாவதோடு நின்று, பல ஊர் சுற்றிய நானும் அதைத்தான் நம்பினேன். தாய்மாமனும் நானும் அவனைக் கல்வராயன் மலையடிவாரத்தில் சூடு போடும் ஒருவரிடம் கூட்டிப்போனோம். அரிவாள் நுனி சிவந்து வந்தது. நான் அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து, தலையைத் திருப்பி அழுத்திப் பிடித்தேன். "வுட்ருணா, செத்துடுவேன்ணா!" என்று கத்தினான். விடவில்லை. கழுத்தில் மூன்று கோடு.

பத்து நாளில் கட்டி உடைந்து நாறியது. பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய் என்றார்கள். தலை, கழுத்து அறுவை செய்யும் பெண் டாக்டர், "சூடு வெக்கும்போது யாருப்பா புடிச்சது?" என்றார்.

"நான்தாங்க."

"வெந்த தோலையும் சேர்த்துத்தான் எடுக்கணும். பாதித் தாடை போயிடும். நெஞ்சுலருந்து சதையும் தோலும் கொண்டாந்து மூடணும். இப்பவும் வெட்டலைன்னா ஆள் தங்கமாட்டாரு."

கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். மாமன் பேனாவைப் பிடுங்கினார். "கத்தி பட்டா பரவிடும்னு தெரிஞ்சுகினே இன்னாத்துக்குடா எழுதிக் குடுக்கற? கொல்லப் போறியா அவன?" தம்பியை இழுத்துப்போக வார்டுக்குத் திரும்பினார். தாழ்வாரத்தில் மறித்து, வாயில் ஓங்கிக் குத்தினேன். பல் ஒன்று தரையில் விழுந்தது. கையெழுத்துப் போட்டேன்.

காலையில் உள்ளே கொண்டுபோனவனை இருட்டியபின்தான் வெளியே கொண்டுவந்தார்கள். கழுத்தில் மூச்சுக்குழாய் வைத்திருந்ததால் பேச முடியாது. நாலாம் நாள் விரலால் என்னைக் கூப்பிட்டான். குனிந்தேன். கன்னத்தில் பளாரென்று அறைந்தான்.

மருந்து ஏற்ற வந்த நர்சம்மா சிரித்தார். "பரவால்லியே, ஆள அடிக்கிற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சு. இன்னொன்னு குடுங்க, நாளைக்கே நடக்க வெக்கலாம்."

அவன் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் எழுதிக்கூட என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடுமுறை முடிந்து நான் விமானம் ஏறினேன்.

நெடுஞ்சாலையில் நடந்த மறுநாள் காலை, சந்தையில் மீன் கடை வைத்திருக்கும் சீனத்து அம்மா ஒருவர் வேலைக்கு ஆள் கேட்டார். மீன்தலை தனியாக விலைபோகும் ஊர் இது. கத்தியைக் காட்டி, "தாக்குட்?" என்றார். பயமா என்று கேட்கிறார். இல்லை என்றேன். இங்கே எட்டரை மணி, ஊரில் ஆறு. தம்பி உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கும் நேரம். போன் அடித்தேன், எடுக்கவில்லை. அதை அடிக்க விட்டுத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, முதல் மீனின் செவுளுக்குப் பின்னால் கத்தியை இறக்கினேன்.