காரிமங்கலத்தில் கடகடத்த ஹீட்டர்

இலைத்தட்டு மெஷின் பார்க்கக் காரிமங்கலம் போகவேண்டும், வழி சொல்லுங்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் நானும் அப்பாவும் அங்கே போய் மானம் போய்த் திரும்பிய கதையும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குச் சேலத்தில் லேத் பட்டறை. காரிமங்கலம் யூசுப் பாய்க்கு இலைத்தட்டு அழுத்தும் டை, அதாவது இரும்பு அச்சு, செய்து கொடுத்தவர் அவர்தான். டையில் துளை போட்டு, விரல் மாதிரி இருக்கும் ஹீட்டரை உள்ளே செருகுவார்கள். டை சூடானால்தான் இலை தட்டாக மடங்கும். ஹீட்டர் அடிக்கடி எரிந்துபோகிறது, நல்லம்பள்ளிக் கல்யாண ஆர்டர் நிற்கிறது என்று பாய் ஆள் அனுப்பினார். நான் வேலையில்லாமல் இருந்ததால் பை தூக்கப் போனேன்.

காலை ஆறு மணி பஸ். தருமபுரி சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். தொப்பூர் மேட்டில் பஸ் முக்கி முனகும். தருமபுரியில் மாறினால் காரிமங்கலம் இன்னும் இருபத்தைந்து. இருவருக்கும் டிக்கெட் இருபது ரூபாய்க்குள் முடிந்தது, இன்று அந்தக் கணக்கை நம்பிக் கிளம்பாதீர்கள். அன்று சந்தை. ஆடுகளுக்கு வழிவிட்டு பாய் வீட்டுக்கு நடக்கவே அரை மணி ஆனது.

பாயின் மனைவி ஜமீலாம்மா முதலில் சாப்பிடச் சொன்னார். கறிக்குழம்பு. நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"இவ சுவிச்ச அணைக்காம வுட்டுட்டு வூட்டு வேலையப் பாக்கப் போயிர்றாளுங்க, மேஸ்திரி. அதான் எரியுது. ரெண்டு மாசமா சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது" என்றார் பாய். அந்த அம்மா தலை நிமிரவில்லை.

"வோல்டேஜும் ஏறி எறங்குதுங்க பாய்" என்றார் அப்பா.

பழைய ஹீட்டரைக் கழற்றிப் புதியதைச் செருகினோம். கம்பியை மாட்டுவதற்காக டையைச் சற்றுச் சாய்த்தேன். ஹீட்டர் உள்ளே கடகடவென்று ஆடி, வழுக்கி வெளியே வந்து தரையில் விழுந்தது. அப்பா வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தார். ஹீட்டர் பன்னிரண்டரை மில்லி. துளை பதின்மூன்று.

முன்பு வேறொருவர் டையில் ஹீட்டர் எரிந்து இறுகிக்கொள்ள, அதைத் துளைத்தெடுக்க அப்பா படாத பாடு பட்டிருந்தார். இந்த டையில் சுலபமாகக் கழன்று வரட்டும் என்று பெரிய டிரில்லைப் போட்டிருக்கிறார். ஆனால் ஹீட்டர் துளைச் சுவரை ஒட்டி நின்றால்தான் சூடு இரும்புக்குப் போகும். இடைவெளி விட்டால் சூடு ஹீட்டருக்குள்ளேயே தேங்கி அதையே எரித்துவிடும்.

"அப்ப, நான் சுவிச்ச அணைக்காததால எரியலீங்களா, அண்ணே?" என்று கேட்டார் ஜமீலாம்மா.

"இல்லம்மா. என் தப்பும்மா" என்றார் அப்பா. அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. நான் கூனிக் குறுகிப் போனேன்.

டையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மதிய பஸ்ஸுக்குக் கிளம்பினோம். பாயும் ஒரு பக்கம் பிடித்துவந்தார். எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. நாங்கள் பஸ் ஏறும்போது, "தெனம் அவளத் திட்டித் தீத்தனுங்க. வூட்டுக்குப் போயி இப்ப அவ மொகத்த எப்புடிங்க பாக்கறது?" என்றார்.

புது டையை அப்பா காசு வாங்காமல் செய்து கொடுத்தார். அதற்குள் நல்லம்பள்ளிக் கல்யாணம் வாழை இலையில் முடிந்துவிட்டது. அந்த வீட்டு ஆர்டர் பாய்க்குத் திரும்ப வரவே இல்லை.

போகிறவர்கள் சந்தை இல்லாத நாளில் போங்கள், தருமபுரியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். மெஷின் வாங்குமுன் ஹீட்டரையும் துளையையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். துளையைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டு, துளையைச் சீவி வழவழப்பாக்கும் ரீமர் விட்டுச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஹீட்டர் கையால் தள்ளினால் போகவேண்டும், ஆடக்கூடாது. துளை மறுபுறம் வரை திறந்திருந்தால், எரிந்ததைக் கம்பியால் தள்ளி எடுத்துவிடலாம். அப்படியும் எரிந்தால் முதலில் டையைச் சாய்த்துப் பாருங்கள். வீட்டில் இருப்பவரைத் திட்டுவது அதற்கப்புறம்.