கிரைண்டரில் போன பாதித் தேயிலை

எண்பதுகளின் கடைசியில் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனின் தெற்கே மோர்டனுக்கு என்னிடம் வந்து சேர்ந்தார். நான்காவது மாதம் அவருடைய இரத்தத்தில் சீனி கூடிவிட்டதென்று டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதினார். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிப்போம், அப்போதும் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்றார். நான் மொழிபெயர்த்தேன். ஊசி என்றதும் அம்மா கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி போடுவார் என்று டாக்டர் கேட்டார்.

"தேத்தண்ணிக்குள்ள நான் சீனி போடுறேல்லையெண்டு சொல்லு," என்றார் அம்மா.

அது பொய்யில்லை. அம்மா குடிப்பது பால் விடாத வெறும் தேத்தண்ணி. ஊரில் பனங்கட்டித் துண்டை இடது உள்ளங்கையில் வைத்து, ஒரு கடி, ஒரு மிடறு என்று குடிப்பார்கள். மோர்டனில் பனங்கட்டியின் இடத்துக்குச் சீனிக்கட்டி வந்திருந்தது. ஒரு கோப்பைக்கு மூன்று கட்டி, ஒரு நாளைக்கு ஏழு கோப்பை. நான் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தேன். டாக்டருக்கு என் உள்ளங்கையைக் காட்டி விளக்கினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காவிட்டாலும் கை விளங்கியது.

"காட்டிக்குடுத்திட்டாய் என்ன," என்று பஸ்ஸில் சொன்னார். வீடு வரை கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

அன்றைக்கே நான் ஒரு பட்டியல் எழுதினேன். இரவில் சோறு இல்லை: சம்மதம். வாழைப்பழம் பாதி: சம்மதம். பூங்காவைச் சுற்றி நடை: மழையில்லாத நாளில் சம்மதம். சீனிக்கட்டி: அந்த வரிக்கு வந்ததும் அம்மா எழும்பினார்.

"சீனியில்லாத தேத்தண்ணி குடிக்கவோ என்னைப் பிளேன் ஏத்திக் கூப்பிட்டனி? உன்ரை ஊசியும் வேண்டாம், உன்ரை லண்டனும் வேண்டாம். நான் திரும்பிப் போறன்."

அந்த நாட்களில் திரும்பிப் போகக்கூடிய இடமாக ஊர் இருக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். ஆனால் ஊசி வந்தால் போய்விடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மா சொன்னதைச் செய்கிறவர்.

அப்போது நான் குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்தேன். அடுத்த மேசையில் சீனாவின் ஃபூஜியன் மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். மத்தியானத்தில் மூடியுள்ள சிறு கோப்பையில் தேயிலை போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, சில விநாடியில் வடித்துக் குடிப்பாள். அதே இலைக்கு மறுபடி ஊற்றுவாள், மறுபடி வடிப்பாள். ஒருநாள் எனக்கும் தந்தாள். நிறம் செம்பு. வாயில் வைத்ததும் பெரிதாக எதுவும் தெரியவில்லை. துவர்ப்பு நாக்கின் ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போனது. கசப்பைத் தேடினேன், இல்லை. விழுங்கிய பிறகுதான் தொண்டையிலிருந்து ஓர் இனிப்பு மெல்ல மேலே வந்தது.

"சீனி போட்டாயா?" என்று கேட்டேன்.

"இதற்குச் சீனி போட்டால் என் அண்ணன் என்னை வீட்டுக்குள் விடமாட்டான்," என்றாள்.

அண்ணனுக்கு மலைச்சரிவில் சில வரிசைத் தேயிலைச் செடிகள். பறிப்பது, வாடவைப்பது, உருட்டுவது, கறுக்கும்வரை காத்திருப்பது எல்லாம் அவரும் மனைவியும்தான். அம்மாவின் சீனிக்கட்டிக் கதையைச் சொன்னேன். மறுநாள் ஒரு காகிதப் பொதி கொண்டுவந்து தந்தாள். வசந்தத்தில் பறித்தது. இனி அடுத்த வசந்தத்தில்தான் என்றாள். வீட்டுத் தராசில் நிறுத்தேன்: தொண்ணூறு கிராம்.

வெள்ளிக்கிழமை காலையில் பொதியைக் குசினி மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்தபோது அடுப்பில் ஒரு பாத்திரம் நிறையக் கறுப்புத் தண்ணீர். பக்கத்தில் கிரைண்டர்.

"பிள்ளை, உன்ரை சிநேகிதி தந்தது தூளில்லை, சருகு. ஒண்டு ஒண்டும் மீசை மாதிரி முறுகிக்கொண்டு கிடக்கு. பாதியை அரைச்சுப்போட்டன்."

"அரைச்சனீங்களோ?"

"அரைக்காமல் என்னெண்டு சாயம் இறங்கும்? நல்லா அவிச்சும் பாத்திட்டன். குடிக்கேலாது. மல்லி மணக்குது."

மல்லி மணக்கத்தான் செய்யும். அது கோப்பித்தூளில் கலக்க மல்லி அரைக்கிற கிரைண்டர். எங்கள் வீட்டில் நல்ல தேயிலை என்றால் தூள். எவ்வளவு பொடியோ அவ்வளவு சாயம். அப்படியே பழகிய கைக்கு முழு இலை முடிக்காமல் விட்ட வேலையாகத்தான் தெரியும். பொதியைக் கொடுத்த நான் அதைச் சொல்லி வைக்கவில்லை. மிச்சத்தை நிறுத்தேன். நாற்பத்தைந்து.

சனிக்கிழமை நானே போட்டேன். சிநேகிதி சொன்ன அளவு, அவள் சொன்ன விநாடி. கோப்பையில் ஊற்றியதும் மேலே எண்ணெய் போல ஒரு படலம் மிதந்தது. செம்பு நிறம் இல்லை. சாம்பல் கலந்த மண்நிறம். குடித்தேன். ஈர அட்டைப்பெட்டியின் சுவை.

அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு இரண்டு சீனிக்கட்டியை ஒன்றாக வாயில் போட்டார். "அவ சருகைத் தந்து உன்னை நல்லாப் பேய்க்காட்டிப்போட்டா."

திங்கட்கிழமை சிநேகிதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கிரைண்டர் உட்பட. அவள் சிரித்து முடிய நேரம் எடுத்தது. பிறகு மேசைக்குக் கீழே இருந்த ஃபிளாஸ்கைக் காலால் தட்டினாள். அது ஏதோ சூப் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

"வீட்டில் கொதிக்கவைத்து, சுண்ணாம்பு அடியில் படியத் தெளியவிட்ட தண்ணீர். அதைத்தான் இங்கே கெட்டிலில் சுடவைக்கிறேன். சுண்ணாம்பு இருந்தால்தான் படலம் கட்டும். நீ தண்ணீர் சோதிக்கிறவள், இது தெரியாதா?"

தெரியும். லண்டன் தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு என்று தினமும் என் கையாலேயே எழுதினேன். என் வீட்டுக் கெட்டிலின் உள்ளே வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்ததை மட்டும் பார்க்கவில்லை.

அன்று வேலையால் வந்ததும் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். ஆறவைத்து, அடியில் படிந்த வெள்ளையைக் கலக்காமல் மேல்தண்ணீரை மட்டும் வடித்தெடுத்து, மறுபடி சுடவைத்தேன்.

"தண்ணியை ரெண்டுதரம் காய்ச்சிறவள் என்னைப் பிழை பிடிக்கிறாள்," என்று அம்மா சுவருக்குச் சொன்னார்.

ஐந்து கிராம் இலை. சிறிய பீங்கான் கிண்ணம், மூடுவதற்கு ஒரு சாசர். கொதி அடங்கிய தண்ணீர். பதினைந்து விநாடி. வடித்த கோப்பையில் படலம் இல்லை, கோப்பையின் அடியில் வரைந்திருந்த பூ தெளிவாகத் தெரிந்தது. அம்மா இடது கையில் சீனிக்கட்டியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். ஒரு மிடறு குடித்தார். நிமிர்ந்து அடுப்பைப் பார்த்தார்.

"வத்தாளங்கிழங்கு அவிக்கிறியோ?"

"இல்லை அம்மா. உந்தக் கோப்பைதான்."

கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தோலை உரிக்கும்போது எழும் மணம் அதில் இருந்தது. எனக்குப் பெயர் சொல்லத் தெரியாமல் இருந்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இரண்டாம் முறை ஊற்றினேன், இருபது விநாடி. இலைகள் கிண்ணத்தில் விரிந்து கிடந்தன. மூன்றாம் முறை, முப்பது. நான் எண்ணுவதைப் பார்த்து, "வானத்துக்கு ரொக்கற்றோ விடுறாய்?" என்று கேட்டபடி கோப்பையை நீட்டினார். அதை வெறுமையாக்கி வைத்தபிறகுதான் இடது கையை விரித்தார். சீனிக்கட்டி ஓரங்கள் கொஞ்சம் ஈரமாகி, கடிபடாமல் இருந்தது.

"இதென்ன, கடிக்க மறந்துபோனன்," என்றார். கட்டியை டப்பாவுக்குள் திரும்பப் போட்டார்.

சனிக்கிழமை வீணானது போக மிஞ்சிய நாற்பது கிராம் சொற்பம்தான். பின்னேரத்துக்கு மட்டும் அது என்று ஒதுக்கியதால் எட்டு நாள் வந்தது. ஆனால் அதற்குள் அம்மா வழக்கமான தூளையும் தெளிந்த தண்ணீரில், அவிக்காமல், கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்தார். நான் எண்ணிக் குறிக்கும் கொப்பியில் நாளுக்கான சீனிக்கட்டிகள் இருபத்தொன்றிலிருந்து பன்னிரண்டு, ஆறு, நான்கு என்று இறங்கின. இடையில் ஒரு நல்லூர்த் திருவிழா நாளில் ஒன்பது. அதையும் எழுதினேன். கடைசி இரண்டு வாரம் ஒன்றுமில்லை.

சொன்ன மூன்று மாதம் முடிந்ததும் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அம்மா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மேசைக்கு மேலே நீட்டினார். டாக்டர் சிரித்துவிட்டு இரத்தச் சோதனைத் தாளைப் பார்த்தார்.

"என்னவாம்?" என்றார் அம்மா, கைகளை மடக்காமல்.

"ஊசி இப்ப தேவையில்லையாம். மாத்திரை போதுமாம்."

பஸ்ஸில் கைப்பையை எனக்கும் தனக்கும் நடுவில் வைத்தார். "அந்தப் பிள்ளைக்குப் பருத்தித்துறை வடை சுட்டுத்தாறன், கொண்டுபோய்க் குடு. தமையன் வாற வசந்தத்துக்கு எவ்வளவு அனுப்புவாரெண்டும் கேள்." கொஞ்சத்தூரம் போனபின், "கிரைண்டரைக் கழுவி மேல் தட்டில வைச்சிட்டனெண்டும் சொல்லு," என்றார்.