கதவு மட்டும் தெளிவாக

முதல் நெகட்டிவில் கதவின் தாழ்ப்பாள் துல்லியமாக விழுந்திருந்தது. கதவுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த பெண்தான் மங்கலாக இருந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி. பட்டாசுக் கம்பெனியில் வேலை. கணவன் தீக்காயத்திலிருந்து பிழைத்ததற்காக, மறுநாள் காலை இருக்கன்குடி கோயிலில் முடி இறக்குவதாக நேர்ந்திருந்தாள். முழங்காலைத் தொடும் முடி. "செல்லுல எடுத்தா செல்லோட போயிரும். ஒங்க பெரிய பெட்டியில எடுங்க அண்ணாச்சி" என்று கேட்டிருந்தாள். பெட்டி என்பது, படத்துக்கு ஒரு பிலிமாகச் செருகி எடுக்கும் என் ஷீட் பிலிம் கேமரா. ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட மெதுவான பொழுதுபோக்கு கிடைக்காது.

கதவுதான் தெளிவாக விழுந்திருக்கிறது என்று நான் சொன்னதும், "கதவுக்கா அண்ணாச்சி கல்யாணம்?" என்றாள்.

கைவசம் இன்னும் ஒரே பிலிம். வெயில் முற்றத்தை விட்டு மதிலில் ஏறிவிட்டது.

முறை தெரிந்தவன் பதற மாட்டான் என்று அலுவலகத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வியர்த்தது. கேமராவை ஒவ்வொரு பகுதியாகச் சோதித்தேன். லென்ஸ் பலகை ஆடவில்லை. துருத்தி தொய்யவில்லை. பிலிம் தட்டு பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தது. அவள் அசைந்தாளா? முக்காலியின் காலும் மங்கல், முக்காலி அசையாது. கேமராவின் பின்பக்கம், ஃபோகஸ் பார்க்கும் மங்கல் கண்ணாடியில் குனிந்து பார்த்தால் அவள் இமை முடிகூடத் தெரிகிறது. பிலிம் மட்டும் கதவைத்தான் பார்ப்பேன் என்கிறது.

"வெளிச்சம் போகுது அண்ணாச்சி."

"தெரியுது. பேசாம இரு."

கண்ணாடியில் சொட்டிய வியர்வையைத் துடைத்தபோது விரலில் சொரசொரப்பு தட்டியது. சொரசொரப்புப் பக்கம் வெளியே அல்ல, உள்ளே லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். பிலிம் உட்காரும் தளம் அதுதான். கண்ணாடியின் கனம் அளவுக்கு ஃபோகஸ் தவறியிருக்கிறது.

"இதை யாரு கழட்டினது?"

"நாந்தேன்" என்றாள் மனைவி. "ஆயுத பூசைக்குத் தொடச்சேன். வழவழப்புல சந்தனப் பொட்டு நிக்காம வழிஞ்சுச்சு. சொரசொரப்ப வெளிய திருப்பி மாட்டிட்டேன். ஏன், சாமிக்கு ஆகாதா?"

"சாமிக்கு ஆகும். லென்சுக்கு ஆகாது."

நான் படித்த எந்தக் கையேட்டிலும் சந்தனத்துக்கு ஒரு பத்தி கிடையாது. திருகாணிகளைக் கழற்றிக் கண்ணாடியைத் திருப்பி மாட்டினேன். அவசரத்தில் ஒன்று கீழே விழுந்தது, தேட நேரமில்லை. மறுபடி ஃபோகஸ் செய்து, மூச்சை அடக்கச் சொல்லி, மிச்ச வெளிச்சத்தில் ஷட்டரைத் திறந்து வைத்தேன்.

இருட்டாக்கிய குளியலறையில் பிலிமைக் கழுவி, ஈர நெகட்டிவைக் கொண்டுவந்து விளக்கில் பிடித்தேன். முடி இழை இழையாகப் பிரிந்து நின்றது.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "அய்யய்யோ மதினி, அம்புட்டும் நரைச்சுப் போச்சு!"

"நெகட்டிவ்டி அது. கருப்பெல்லாம் வெள்ளையாத்தான் தெரியும்" என்றாள் மனைவி.

அவள் நம்பவில்லை. "கருப்பாக்கி வைங்க அண்ணாச்சி. காலையில பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவேன்."