கல்யாணச் சீராக ஒரு பல்செட்

எங்கள் கிழக்கு கென்டக்கி மலைப்பக்கத்தில் லவோனா ஸ்டாம்ப்பரைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட இருக்காது. நாக்கு மட்டும் இத்தனை நீளம்!

மாவட்ட ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவள் அவள். அந்த வசந்த காலத்தில் அவளுக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று, ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் படிப்பு. மற்றது பல் மருத்துவக் கல்லூரி. அடுத்த மாத முதல் திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஒன்றை வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துக்கென்று தனி டாக்டர் கிடையாது, அந்த நர்ஸ்தான் எல்லாம். அறுவை முடியும்வரை தலைமாட்டில் நின்று ஒருவனுடைய மூச்சுக்குக் காவல் இருக்கிற அந்த வேலையின் மேல் லவோனாவுக்கு உயிர். பல் படிப்புக்கு மனுப் போட்டதே எல்ஜின் சித்தப்பாவின் நச்சரிப்புத் தாங்காமல்தான். ஊருக்கு ஒரே பல் டாக்டர் அவர். தனக்குப் பிறகு தன் நாற்காலி குடும்பத்தை விட்டுப் போய்விடக் கூடாதாம்.

"மயக்கம் குடுக்கறதெல்லாம் ஒரு வேலையாடி?" என்பார். "எழுந்தவன் சர்ஜனைத்தான் கும்பிடுவான். உன் மூஞ்சியே அவனுக்கு ஞாபகம் இருக்காது."

"இல்லாட்டிப் போகட்டும் சித்தப்பா. உங்க மூஞ்சிய ஞாபகம் வெச்சிருக்கறவன்லாம் உங்களத் தெருவுல பாத்தா வாயப் பொத்திக்கிட்டு ஓடறான்."

அந்த நேரம் பார்த்து எல்ஜினின் மகள் ரோனெல்லுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். கல்யாணப் பெண்ணின் பற்களையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதுப் பல்செட் ஒன்றைச் சீராகக் கொடுப்பார்கள். புருஷன் வீட்டுக்குப் போய்ப் பல்வலி என்று நிற்கக் கூடாதாம். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? அந்த நல்ல மனசால் இருபது வயதில் பொக்கை வாயானவர்கள் ஊர் பூராவும் இருக்கிறார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு லவோனா நேரே கிளினிக்குக்குப் போனாள். ரோனெல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். எல்ஜின் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"மூணு பல்லுதானே சொத்தை? அடைச்சா தீந்துபோச்சு. மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கே, அத ஏன் பிடுங்கறீங்க?"

"நீ ஆளைத் தூங்க வைக்கப் போறவ. முழிச்சிருக்கறவங்க பல்லப் பத்தி உனக்கென்னடி பேச்சு?"

ரோனெல்லும் சேர்ந்துகொண்டாள். "அக்கா, காரியத்தக் கெடுக்காத. எல்லாருக்கும் செஞ்சதுதானே. எனக்கும் வெள்ளையா, வரிசையா வேணும்."

லவோனா வந்த கோபத்தில் கதவைப் படீரென்று அறைந்துவிட்டு வெளியே வந்தாள். எக்கேடும் கெடுங்கள், நான்தான் வேறு வழியில் போகிறேனே என்று இருந்துவிட்டாள். எல்ஜின் மொத்தப் பல்லையும் பிடுங்கிவிட்டார்.

கல்யாணம் முடிந்து சர்ச் கூடத்தில் விருந்து. சொந்தபந்தம் ஒவ்வொன்றும் வீட்டிலிருந்து ஒரு அடுக்கு கேக் கொண்டுவரும். நடுவில் ஆப்பிள் களி தடவி ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றுவார்கள். ரோனெல்லுக்கு ஏறிய அடுக்கைச் சரியாமல் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் துண்டு பெண்ணுக்கு. அவள் ஆசையாகக் கடித்தாள். ஈறு இன்னும் ஆறவில்லை. முகம் கோணி, கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"பழகிடும்மா, எங்களுக்கெல்லாம் பழகலையா?" என்று பொம்பளைகள் சிரித்தார்கள். ரோனெல்லும் அந்த வெள்ளை வரிசையைக் காட்டி அழுதுகொண்டே சிரித்தாள். லவோனா தன் கேக் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"சித்தப்பா," என்று எழுந்தாள். "முடிவு பண்ணிட்டேன். பல் டாக்டருக்கே படிக்கப் போறேன்."

எல்ஜின் துள்ளி எழுந்தார். "கேட்டீங்களா! என் நாற்காலிக்கு ஆள் வந்தாச்சு!" கூடமே கை தட்டியது. அது அடங்கும்வரை லவோனா காத்திருந்தாள்.

"நாற்காலி எனக்கு. குறடு உங்களோட போகட்டும். என் கையால நல்ல பல்லு ஒண்ணுகூடப் பிடுங்க மாட்டேன். கல்யாணச் சீருன்னு யார் வந்து கெஞ்சினாலும் மாட்டேன்."

எல்ஜினுக்கு முகம் செத்துப்போனது. "அப்ப என் நாற்காலியும் கிடையாது, போடி. ஒரு ஈ காக்கா வராது உங்கிட்ட. பக்கத்து மாவட்டத்துல போய்ப் பிடுங்கிக்கிட்டு வருவாங்க."

"போகட்டும். சொந்தமா ஒரு நாற்காலி வாங்கி, காலியாவே போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

லவோனாவின் அம்மா ஓப்பல் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏண்டி, அந்த மயக்க மருந்து வேலைக்குத்தானே உசிர விட்டுக்கிட்டிருந்த?"

"ஆமாம்மா." என்று லவோனா கையை விடுவித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ரோனெல் வாய்க்குள் கைவிட்டு மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றி, அப்பாவின் தட்டில் வைத்தாள். கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டன.

"எப்பிடிப்பா இருக்கேன்? சொல்லுங்க," என்றாள் குழறிக்கொண்டே. எல்ஜினால் மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவள் கேக்கை எடுத்து ஈறாலேயே மென்று விழுங்கினாள். "அக்கா, உன் நாற்காலி காலியா இருக்காது. எனக்குப் பொறக்கறது அதுலதான் உக்காரும்."

கெடு வைத்த திங்கட்கிழமை லவோனா மயக்க மருந்துப் படிப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, பொழுது சாயும்வரை அழுதாள். முடிவை மாற்றவில்லை.