தேநீர்க் கோப்பையைத் தட்டியவர்

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் உணவுக்கடையில் நான் சந்தித்த காப்புறுதி முகவர், பேசும்போதெல்லாம் கரண்டியால் தேநீர்க் கோப்பையைத் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வயதாகியும் பேசாத என் மகனுக்கு, மருத்துவரிடம் காட்டுமுன் பாலிசி எடுத்துவிடத் தவித்தேன். குறை பதிவாகிவிட்டால் எந்த நிறுவனமும் ஏற்காதோ என்று பயம்.

என் மடியிலிருந்த மகனை முகவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. கோப்பையைத் தட்டினார், சட்டென்று திரும்பினான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"காது கேக்குது லா. பேரு சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்பல. மொதல்ல டாக்டர்கிட்ட போங்கக்கா."

"அப்புறம் பாலிசி கிடைக்குமா?"

"தெரியல. நானே பாத்துட்டேன், விண்ணப்பத்துல தெரியாத மாதிரி எழுத முடியாது."

பையை மூடிவிட்டுப் போனார். அவர் மறுத்தது எங்களுக்காகவா, தன் வேலைக்குப் பயந்தா, இன்றும் புரியவில்லை. பொங்கோலில், ஆட்டிசக் குழந்தைகளுக்கான பயிற்சி நிலையத்தில் ஆசிரியை மகனைப் பெயர் சொல்லி அழைத்தும் அவன் திரும்பாதபோதெல்லாம், மேசையைத் தட்டிவிடத் துடிக்கிறது என் விரல்.